நிற்கையில் சுடும், ஓடுகையில் குளிரும்: அத்திபெலே எல்லையில் ஏசி பழுது குறித்த ஓர் ஆய்வு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் கார், வெள்ளிக்கிழமை மாலை அத்திபெலே சுங்கச்சாவடி வரிசையில் நின்ற சற்று நேரத்தில் அதன் ஏசி வெறும் காற்றை ஊதத் தொடங்குகிறது. சாவடி கடந்து, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடிப் பக்கம் வேகம் பிடித்ததும் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி குளிர்கிறது. பலரும் கண்ட நிகழ்வுதான். ஆராய்ச்சி மட்டும் எழாமல் போனதற்குக் காரணம், கண்டவர்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே முடிவுக்கு வந்துவிட்டதுதான். தமிழ்நாட்டுச் சூடு எல்லை தாண்டி வந்து தாக்குகிறது என்பது ஒரு தரப்பு. சொந்த மாநிலத்தைக் கண்டதும் ஏசிக்கே நிம்மதி வருகிறது என்பது மறுதரப்பு. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரவில் மறுத்துவிடலாம். திரும்பி வரும்போது அதே கார் ஜூஜூவாடியில் நின்று சுடுகிறது, அத்திபெலே தாண்டிக் குளிர்கிறது. ஆகவே பழுதுக்கு மாநிலப் பற்று கிடையாது.

ஆய்வுக் களத்தை முதலில் வரையறுப்போம். அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தில், முன்பு ஏழாம் எண்ணும் இப்போது 44-ஆம் எண்ணும் கொண்ட தேசிய நெடுஞ்சாலையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் ஏசி எதற்கு என்று சென்னைவாசிகள் கேட்பார்கள். 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்லலாம்.

திணை வகுக்காமல் தமிழில் ஆய்வு தொடங்குவது மரபன்று. மேட்டு நிலம் என்பதால் இதைக் குறிஞ்சி என்று சொல்லத் தோன்றும். ஆனால் குறிஞ்சிக்குரிய புணர்தல் இங்கு பம்பருக்கும் பம்பருக்கும் இடையில் மட்டுமே நிகழ்கிறது. அதுவும் வாக்குவாதத்தில் முடிகிறது. முல்லையே பொருந்தும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுமையோடு காத்துக் கிடத்தல். சிறுபொழுது மாலை. பெரும்பொழுது கார். மூன்றும் அத்திபெலேயின் வெள்ளிக்கிழமைக்குப் பொருந்துகின்றன, மூன்றாவது தேவைக்கு அதிகமாகவே.

இல்லாத திணை நெய்தல். மெரினா இங்கிருந்து சாலைவழி 300 கிலோமீட்டருக்கு மேல். இருந்தும், பழுதின் மூலத்தைக் கடலில் தேடுவதே இக்கட்டுரையின் துணிபு.

குளிர்ச்சிக்கும் பாய்மரத்துக்கும் உள்ள உறவு பழையது. 1833-இல் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற பாய்மரக் கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் கிளம்பி, ஏறத்தாழ 100 டன்னோடு கல்கத்தா சேர்ந்தது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் குளிர்ச்சியில் ஒரே பழுது உருகுதல். அதற்கு மெக்கானிக் தேவைப்படவில்லை, மரத்தூள் போதுமானதாக இருந்தது.

இன்றைய சொகுசுப் பாய்மரப் படகுகளில் கீழ்த்தட்டு அறைக்கு ஏசி உண்டு. அது கடல்நீரை நம்பி இயங்கும் சங்கதி. படகின் அடியில் ஒரு துளை; அதன் வழியே பம்ப் நீரை இழுக்கிறது; வடிகட்டியைத் தாண்டி நீர் கண்டன்ஸருக்குப் போய், அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு, படகின் பக்கவாட்டில் கொட்டுகிறது. ஏசி குளிரவில்லை என்றால் விவரம் தெரிந்த படகோட்டி கருவியைத் திறப்பதில்லை. விளிம்பில் குனிந்து, நீர் சரியாகக் கொட்டுகிறதா என்று பார்க்கிறார். மெலிதாகச் சொட்டினால் வடிகட்டியில் பாசியோ பாலித்தீன் பையோ அடைத்திருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால், காற்றில் படகு சாய்ந்தபோது அந்தத் துளை நீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சியிருக்கலாம். பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், நீர் ஏறாது.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கடத்துகிறது. கடத்தும் சூட்டை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஆள் வேண்டும். படகுக்கு அந்த ஆள் கடல். காருக்கு, ஓட்டத்தில் எதிரே வரும் காற்று. காரின் கண்டன்ஸர் முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். வண்டி நின்றால் எதிர்க்காற்று இல்லை. அப்போது வேலை செய்யவே ஒரு மின்விசிறி வைத்திருக்கிறார்கள். அந்த விசிறி செத்துப்போனால் சாலை காலியாக இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. அத்திபெலேயில் தெரிந்துவிடும். பல மைல் ஓட்டத்தில் மறைந்திருந்த ரகசியத்தை ஒரு சுங்கச்சாவடி அம்பலப்படுத்துகிறது.

இத்துறையில் முன்னோர் கூறிய கொள்கைகளையும் பார்க்க வேண்டும். அவற்றுள் செல்வாக்கு மிக்கது கேஸ்வாதம். சாலையோரப் பட்டறைகளில் கோலோச்சும் இக்கொள்கையின் மூலவாக்கியம் ‘கேஸ் இல்ல சார்’ என்பது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதைத் தமிழாகவும் அந்தப் பக்கம் கன்னடமாகவும் ஒரு எழுத்து மாறாமல் சொல்லலாம் என்பது அதன் பரவலுக்கு ஓரளவு காரணம். நோயாளி எவராயினும் மருந்து ஒன்றே என்பது இதன் அழகு. குறை என்னவென்றால், ஏசியின் கேஸ் பெட்ரோல் போல் தீர்ந்துபோகும் பொருளன்று. கார்களில் பெருவாரியாக இருக்கும் ஆர்-134ஏ, திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் திரவம். மூடிய குழாய்க்குள் அது ஆவியாகி, அழுந்தி, மறுபடி திரவமாகிச் சுற்றிவருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கைத் தேடாமல் நிரப்புவது தவணை கட்டுவதற்குச் சமம்.

அதைவிட மோசம், விசிறி ஓடாத வண்டிக்கு கேஸ் ஏற்றுவது. சூடு வெளியேற வழியில்லாததால் குழாயில் அழுத்தம் முன்பே எகிறியிருக்கிறது. மேலும் கேஸ் ஏற்றினால் இன்னும் எகிறும். அழுத்தத்தைக் கண்காணிக்கும் சுவிட்ச், கம்ப்ரஸரைக் காப்பாற்ற அதை நிறுத்திவிடும். உடனே வாடிக்கையாளருக்கு இரண்டாவது தீர்ப்பு கிடைக்கும்: ‘கம்ப்ரஸர் போச்சு.’ கேஸ்வாதிகளிடம் நேர்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பட்டறை வாசலில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அவர்கள் சோதிக்கிறார்கள், விசிறியைத்தான் பார்ப்பதில்லை.

பெல்ட்வாதம் என்று இன்னொன்று உண்டு, கோளாறு கம்ப்ரஸர் பெல்ட்டில்தான் என்று வயதானவர்கள் சொல்வது. 1939-இல் அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி ஏசி வைத்த கார் விற்றபோது, அதை நிறுத்த வேண்டுமானால் இன்ஜினை அணைத்து, இறங்கி, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது சரியான வாதம்.

கொள்கைகளுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. பட்டறை வட்டாரங்களில் பழகியது, செலவில்லாதது. வரிசையிலிருந்து விலகி ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைக்கவும். விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கவும். அது எப்போது வேண்டுமானாலும் திடீரென்று சுற்றத் தொடங்கும், கையை உள்ளே விடக்கூடாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரை, விசிறி மோட்டாரிலும் ஒயரிலும் படாமல், கிரில் வழியாகக் கண்டன்ஸர் மேல் ஊற்றவும். உள்ளே குளிர்ச்சி திரும்பினால் கேஸ் இருக்கிறது, கம்ப்ரஸர் இருக்கிறது, சூட்டை வாங்க ஆள் மட்டும் இல்லை. ஃபியூஸ், ரிலே, விசிறி மோட்டார், அல்லது கண்டன்ஸரில் அடைந்த தூசி, இவற்றில் ஒன்று. ஊற்றியும் சுட்டால், ஓடும்போதும் சுட்டால், கேஸ்வாதிகளுக்கு வழிவிடலாம். ஆரம்பத்தில் நன்றாகக் குளிர்ந்து, போகப்போகக் காற்றே வராமல் மெலிந்தால் கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட்டினால் உருகிவிடும்.

அந்த ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றும் கணத்தில், தக்காண மேட்டில் நிற்கும் ஹேட்ச்பேக் ஒன்று பாய்மரப் படகாகிவிடுகிறது. கடலுக்குப் பதில் பாட்டில், அவ்வளவுதான்.

இனி ஆம்னி பஸ். அதன் ஏசி கூரைமேல், சொந்த விசிறிகளோடு இருப்பதால் நிலைமை சற்று மேல். ஆனாலும் வண்டி நிற்கையில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, அதோடு பிணைந்த கம்ப்ரஸரும் மெதுவாகச் சுற்றுகிறது, குளிர்ச்சி இறங்குகிறது. மேல் பெர்த்திலிருந்து ஒருவர் ஏசி போடச் சொல்கிறார். கீழ் பெர்த்தில் ஒருவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, திரைச்சீலையைக் காற்றுத் துளையில் திணித்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுவில் நிற்கும் கிளீனர் சொல்லும் விடை ஒன்றுதான்:

“வண்டி மூவ் ஆனா கூலிங் வந்துரும் சார்.”

இவ்வாக்கியத்தைச் சாக்கு என்று தள்ளியதே இத்துறையின் பெரும்பிழை. மேலே ஏழெட்டுப் பத்திகளில் நிறுவப்பட்டது அனைத்தும் அந்த ஒரு வரியில் அடக்கம். கால் டாக்சியில் இதே வரி உண்மையான சாக்காகவும் வழங்கிவருவதை மறைப்பதற்கில்லை. டீசல் மிச்சம் பிடிக்கும் அண்ணனையும் விசிறி போன அண்ணனையும் பிரித்தறிய எளிய வழி, ஏசி பொத்தானின் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது.

காவிரிப் பிரச்சினை முற்றும்போது தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். 2016 செப்டம்பரில் பெட்டி, பிள்ளைகளோடு பயணிகள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். அவர்களை இவ்வாய்வு கணக்கில் சேர்க்கவில்லை.

வரிசையில் நிற்கும் சிலருக்குச் சிக்கலே இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். காதலர் தினம் நெருங்கும்போது ஓசூர் ரோஜாக்கள் பெங்களூரு விமான நிலையத்துக்குக் குளிர்வண்டிகளில் இதே எல்லையைக் கடக்கின்றன. பெரிய குளிர்வண்டிகளின் குளிரூட்டிக்குத் தனி இன்ஜின், தனி விசிறி. வண்டி நின்றாலும் ரோஜாவுக்கு வியர்க்காது.

களம் சுருங்கிவருவது கவலைக்குரியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகளை ஒழித்தது; 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது; 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஆனால் புதிய தரவுகளும் வருகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. எத்தனையோ ஆண்டு இன்ஜின் சூட்டில் வெந்த ஓட்டுநர்களுக்கு இது காலம் தாழ்ந்து கிடைத்த நியாயம். ஆய்வாளருக்கோ புதுச் சிக்கல். லாரி வெளியே தள்ளும் சூட்டை, ஒட்டி நிற்கும் காரின் கண்டன்ஸர் உள்ளே இழுக்கும். கார் தள்ளுவதைப் பின்னால் நிற்பது இழுக்கும். வரிசை நெடுக ஒருவர் ஏற்றுமதி இன்னொருவர் இறக்குமதி. இதில் முதல் கார்க்காரர் யாரிடம் முறையிடுவது, கர்நாடகக் காவல் நிலையத்திலா தமிழ்நாட்டுக் காவல் நிலையத்திலா என்பது அடுத்த கட்டுரைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.