நீராகார மீமாம்சை

கோகம் புளி போட்டு ஒரு பியர், மாம்பழ லஸ்ஸி என்று பேர் சூட்டி ஒரு பியர், கேழ்வரகில் ஒன்று, உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்த்து இன்னொன்று. இவையெல்லாம் பியர்தானா, பியரின் பேரைக் கெடுக்க வந்தவையா என்ற வழக்குக்கு 2009-இல் புனேயில் டூலாலி கடை திறந்தபோதே பிள்ளையார் சுழி போட்டாயிற்று. பிறகு பெங்களூரில் மைக்ரோபுரூவரிகள் பெருகின. 2021-இல் பீரா 91 நிறுவனம் கோகம் புளிப்பையும் மாம்பழ லஸ்ஸியையும் விற்பனைக்கே கொண்டுவந்தது. வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரில் மயிலாடுதுறை வண்டி ஏறும் டெல்டாப் பிள்ளைகள் துணிமூட்டையோடு இந்த வழக்கையும் தஞ்சாவூரில் இறக்குகிறார்கள். அங்கிருந்து ஐந்து பாலம் தாண்டினால் திருவையாறு. வாதிகள் இரண்டு கட்சி. பியர் என்றால் பொன்னிறம், இளங்கசப்பு, நுரை, குளிர்ச்சி. மற்றதெல்லாம் கெட்டுப்போன சரக்கு என்பார் சுத்தவாதிகள். புளித்தால் என்ன, கரித்தால் என்ன, நாக்கைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்பார் புதுமைவாதிகள். இரு தரப்பும் பெல்ஜியம், ஜெர்மனி என்று சாட்சி தேடி அலைகின்றன. உள்ளூரிலேயே, அடுப்பங்கரை மூலையிலேயே, ஒரு முதல்தரச் சாட்சி மூடி போட்டு உட்கார்ந்திருப்பது எவர் கண்ணிலும் படவில்லை. அந்தச் சாட்சி நீச்சத்தண்ணி. ஏட்டுத் தமிழில் நீராகாரம். இவ்வழக்கைத் தீர்க்கும் விதி அந்தப் பானைக்குள் எப்போதோ வகுக்கப்பட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் சாட்சியின் வாக்குமூலம். இரவு மிஞ்சிய சோற்றை, ஆவி அடங்கிய பிறகு, மண்பானையிலோ கல்சட்டியிலோ போட்டு, சோறு முழுகி நாலு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார்கள். புழுங்கலரிசிச் சோறுதான் இதற்கு உகந்தது. பச்சரிசி விடிவதற்குள் குழைந்து கூழாகிவிடும். சோற்றிலும் பானையிலும் காற்றிலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. விடிந்ததும் மூடியைத் திறந்தால் மேலே தெளிந்த நீர், அடியில் வெளுத்துப் பூத்த சோறு, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள், மூக்கில் மோருக்கும் ஈரமண்ணுக்கும் நடுவான ஒரு வாசனை. தண்ணீரை மட்டும் சொம்பில் இறுத்து உப்புப் போடுவார்கள். இதற்கு மேல்தான் வீட்டுக்கு வீடு மதபேதம் தொடங்குகிறது. சிலர் மோர் விடுவார்கள். மோர் விட்டால் அது நீச்சத்தண்ணியே இல்லை என்பார் சிலர். நார்த்த இலையைக் கிள்ளிப் போடுகிறவர் உண்டு. இஞ்சி தட்டிப் போடுகிறவர், பெருங்காயம் கரைக்கிறவர், சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வேறெதுவும் வேண்டாம் என்கிறவர் என்று கட்சிகள் பல. பியர் உலகத்தார் இப்போது அடித்துக்கொள்ளும் எல்லாத் தலைப்பும், அதாவது புளிப்பு, உப்பு, இலைதழை, கலங்கல், தானாக நொதித்தல் ஆகிய ஐந்தும், இந்த ஒரு சொம்புக்குள் அடக்கம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றைக் குடல்நோய்க்கு மருந்தாக்கலாமா என்று ஆராயப் புகுந்திருக்கிறது. நமக்கு இங்கே குடல் விஷயமல்ல, நாக்குதான் விஷயம்.

சுத்தவாதிகளின் பெரிய ஆயுதம் மரபு. அதைச் சற்று உரசிப் பார்க்கலாம். இன்று பியர் என்றதும் மனத்தில் தோன்றும் அந்தத் தெளிந்த பொன்னிற பானம் பொஹீமியாவின் பில்சென் நகரில் யோசப் குரோல் என்ற பவேரியர் 1842 அக்டோபரில் முதன்முதலாக வடித்தது. அந்த அக்டோபரில் திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் தியாகராஜ சுவாமிகளுக்கு வயது 75. ஆக, எது ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்யப்படுகிறதோ, அது அவருடைய கிருதிகளில் பெரும்பாலானவற்றைவிட வயதில் இளையது. அதற்கு முன்பு ஐரோப்பாவெங்கும் கலங்கியதும் கறுத்ததும் புகை நாறியதும் புளித்ததுமான பியர்களே குடிக்கப்பட்டன. பில்சென்காரர்தான் அன்றைய புதுமைவாதி. பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறதே என்றும் சொல்வார்கள். எழுதியது உண்மை. கூடவே பியருக்கு விலை வரம்பும் அதில் எழுதியிருக்கிறது. கோதுமை ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையும் அதன் பின்னால் இருந்தது. ஒரு ரேஷன் உத்தரவை வேதமாக்கிக்கொண்டு ஐந்நூறு ஆண்டு சண்டை போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பியரைப் பியராக்குகிற ஈஸ்ட்டின் பேரே அந்தச் சட்டத்தில் இல்லை. கச்சேரி நோட்டீஸில் பாடகர் பெயரை மட்டும் விட்டுவிட்ட மாதிரி.

மரபு என்பது ஒரே பாடத்தைக் கட்டிக் காப்பது என்று திருவையாற்றில் யாரும் நினைப்பதற்கில்லை. தியாகராஜரின் கிருதிகளே உமையாள்புரம், வாலாஜாப்பேட்டை, தில்லைஸ்தானம் என்று மூன்று சீடப் பரம்பரைகள் வழியாக வந்தவை. ஒரு பரம்பரையில் இருக்கும் சங்கதி மற்றொன்றில் இருக்காது. தில்லைஸ்தானமோ கூப்பிடு தூரம். அவ்வளவு பக்கத்திலேயே பாடபேதம் முளைத்துவிட்டது. அதனால் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்து இது கிருதியே இல்லை என்று சொன்னதில்லை; இது எங்கள் பாடாந்தரம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த நாகரிகத்தைப் பியர் உலகம் இன்னும் கற்கவில்லை. ஆனால் பாடாந்தரம் என்று சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் பாடிவிடவும் முடியாது. ராகம் கெடக்கூடாது. அந்த எல்லை எது என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

ஐரோப்பாவில் நீச்சத்தண்ணிக்கு மிக நெருங்கிய சொந்தம் லைப்சிக் நகரத்தின் கோஸெ. புளிப்பு உண்டு, உப்பு உண்டு, கொத்தமல்லி விதை உண்டு. ஜெர்மன் தூய்மை விதிகளுக்கு முன்னால் நிற்கத் தகுதியே இல்லாமல், வட்டாரச் சிறப்பு என்ற விலக்கில் பிழைத்துக்கொண்டது. 1966-இல் அதை வடித்துக்கொண்டிருந்த கடைசிப் பட்டறையும் மூடப்பட்டது. 1980-களில் லோதார் கோல்ட்ஹான் என்பவர் பழைய விடுதி ஒன்றைத் திருப்பித் திறந்து, கோஸெயை மறுபடி காய்ச்ச ஆள் பிடித்து, 1986-இல் வாடிக்கையாளர் முன் வைத்தார். இன்று பெங்களூர் இளைஞர்கள் அதிநவீனம் என்று கொண்டாடுவது அந்தச் செத்துப் பிழைத்த கிழத்தைத்தான். இங்கே ஆய்வாளன் கவனிக்கத் தவறக் கூடாத ஒன்று: யொஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை வேலை பார்த்தது இதே லைப்சிக்கில். புளிப்பும் உப்பும் கலந்த பானம் புழங்கும் இரண்டு ஊர்கள். இரண்டிலும் இசையின் சிகரம் ஒன்று. இரண்டே உதாரணத்தை வைத்துக்கொண்டு விதி சொல்லலாமா என்று கேட்பார்கள். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தச் சான்றை இக்கட்டுரை வற்புறுத்தவில்லை. கிடைத்ததை வீணாக்க மனமில்லாமல் பதிவு செய்கிறது.

இனித் தடை எழுப்புவோர். முதல் தடை பலமானது: நீச்சத்தண்ணியில் போதை இல்லை, போதையில்லாத ஒன்றைப் பியரோடு நிறுத்துவது எருமையையும் ஏரோப்ளேனையும் ஒப்பிடுவதாகும். இதற்கு விடை ரசாயனத்தில் இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு மாவுப்பொருள் வேலைக்காகாது, சர்க்கரை வேண்டும். வெந்த சோற்றில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி கிடையாது. அதனால் பானை புளிப்போடு நின்றுவிடுகிறது. முளைகட்டிய தானியத்தில் அந்த நொதி உண்டு. பியருக்கு வாற்கோதுமையை முளைக்கவிட்டு உலர்த்துவது இதற்காகத்தான். ஆக, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு கைப்பிடி முளைநெல். அந்தக் கைப்பிடியைத் தமிழர் எப்போதோ போட்டுப் பார்த்தாயிற்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: கொழியலரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டுப் பாத்திரத்தில் ஆறவிட்டு, புற்றாஞ்சோறு போலிருக்கும் நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. நல்லடை என்பதை நெல்முளையின் அடை என்று உரை கொள்கிறார்கள். அரிசி பியர் இதுவன்றி வேறென்ன? அது தொண்டை நாட்டுச் சரக்கு, காவிரிக்கு உரிமையில்லை என்று யாராவது எல்லைத் தகராறு கிளப்பினால், அதே புலவர்தான் காவிரிப்பூம்பட்டினத்தின் மேல் பட்டினப்பாலை பாடியவர் என்று நினைவூட்டலாம்.

இரண்டாவது தடை: பியர் வடிப்பது கலை, நீச்சத்தண்ணி தற்செயல். அந்த வாயகன்ற பாத்திரத்தை மறுபடி பார்க்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து லாம்பிக் பியருக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காய்ச்சிய வடிநீரை அகன்று ஆழமில்லாத திறந்த தொட்டியில் ஓர் இரவு ஆறவிட்டால், காற்றில் வருவது வந்து இறங்கும். குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத விருந்தாளிகள் அதிகம். 1900-இல் தொடங்கிய காந்தியோன் பட்டறை இன்றும் இப்படித்தான் செய்கிறது. உலகம் அங்கே வரிசையில் நிற்கிறது. இதைக் கலை என்று ஒப்புக்கொண்டால், சித்திரை வெயிலில் நீச்சத்தண்ணி முறுகிவிடும் என்று முன்கூட்டியே குளிர்ந்த மூலை பார்த்துப் பானையை நகர்த்துவதும், தை மாதக் குளிரில் நேற்றையதில் ஒரு கரண்டி விட்டு வைப்பதும் கலைதான். லாம்பிக்காரர் அதற்குப் பணம் வாங்குகிறார் என்பது மட்டும் வித்தியாசம்.

இப்போது எல்லை எது என்ற கேள்வி. நீச்சத்தண்ணியில் என்னென்ன சேர்கின்றன என்று முன்னே பார்த்தோம்: உப்பு, இஞ்சி, நார்த்த இலை, பெருங்காயம், மோர், கூடவே மாவடு, மோர்மிளகாய். ஒன்றுகூட இனிப்பு இல்லை. சர்க்கரையோ வெல்லமோ போட்டு அதைக் குடிக்கும் வழக்கம் டெல்டாவில் கிடையாது. இனிப்பின் மேல் திருவையாற்றுக்குப் பகை என்று சொல்ல முடியாது. கோதுமைக்குப் பதில் பாசிப்பருப்பில் அல்வா கிண்டி அசோகா என்று பேர் வாங்கிய ஊர் இது. இனிப்புக்குரிய இடத்தில் இனிப்பு. பானைக்குள் மட்டும் இல்லை. ஏனென்றால் மேற்சொன்ன சேர்மானங்கள் எல்லாம் புளிப்போடு மல்லுக்கட்டுகின்றன. இனிப்போ புளிப்பின் மேல் போர்வை போர்த்துகிறது. இதுவே விதி: சேர்ப்பது எதுவானாலும் புளிப்போடு வாதாட வேண்டும், அதை மறைக்கக் கூடாது. இதை வைத்துப் பார்த்தால் கோகம் பியர் தேறும், புளிமேல் புளி. உப்பும் கொத்தமல்லியும் சிறப்புத் தேர்ச்சி. செர்ரிப் பழம் போட்ட லாம்பிக்கும் தேறும்; பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துப் புளிப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. மாம்பழ லஸ்ஸி தேறாது. மாம்பழம் குற்றவாளியல்ல, மாங்காயாக வந்திருந்தால் வரவேற்றிருக்கலாம். லஸ்ஸியாக வந்தது பாயசம், அதற்குப் பந்தியில் வேறு இடம் இருக்கிறது. புதுமைவாதிகள் இந்தத் தீர்ப்பில் கோபப்படுவார்கள். அவர்கள் நாக்கைத் திறந்து வைக்கச் சொன்னது வாஸ்தவம், கதவையே கழற்றி வைக்கச் சொல்லவில்லையே.

மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. எண்ணிக்கையில் அதுவே பெரிது. சுவை பற்றிய பேச்சே அதற்கு வேண்டாம். "கூலிங் இருக்கா? ஸ்ட்ராங்கா?" இரண்டே கேள்வி. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில் உள்ள மாநிலத்தில், விமர்சனக் கலை இந்த இரண்டு கேள்விக்குச் சுருங்கியிருக்கிறது. இது நவீன சீரழிவு என்று எண்ணிவிடக் கூடாது. தேறலின் கடுமையைச் சொல்லப் புறநானூற்றில் ஔவையார் தேள் கொட்டைத் துணைக்கு அழைக்கிறார். சிறுபாணாற்றுப்படைக்காரர் சீறும் பாம்பை அழைக்கிறார். ஸ்ட்ராங் கட்சிக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியப் பின்புலம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடுமை என்பது அளவு. இவ்வழக்கோ குணம் பற்றியது. குளிர்ச்சி அதிலும் சேராது. நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிரவைத்தால் பில்சென் சரக்கும் வாய்க்கால் தண்ணீரும் ஒன்றுதான். நீச்சத்தண்ணியை ஐஸ் போட்டுக் குடிப்பதில்லை. பானை தரும் குளிர்ச்சியோடு சரி. அதனால்தான் நேற்றைய சோறு எந்த அரிசி என்று குடிக்கும்போதே சொல்லிவிட முடிகிறது.

ஆகவே, இனி எந்த ஊர்ப் பட்டறையாவது வழக்கத்துக்கு மாறான பியர் ஒன்றைக் கொண்டுவந்தால், அதை மதிப்பிடும் குழுவில் திருவையாறு வட்டாரத்தில் அன்றாடம் நீச்சத்தண்ணி குடிப்பவர் மூவரையாவது சேர்க்க வேண்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. பியர் குடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. வாயில் வைத்துத் துப்பிவிடலாம், தொழில்முறைச் சுவைஞர்களும் அதைச் செய்வதுண்டு. கூட்டத்தை நடவு நாளில் வைத்தால் ஒருவரும் வரமாட்டார். குறுவை அறுத்துத் தாளடி தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் வைத்துக்கொள்வது நலம். கூட்டம் காலையில் நடக்க வேண்டும். மோர் விட்டுக் குடிப்பவரையும் விடாதவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது பற்றி மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். பியர் மேசைக்கு வருவதற்குள் அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.