அடைப்புக்குறிக்குள் ஆகாயம்

இந்திய விமானப்படைக்கு அதிகாரிகளைச் சேர்க்கும் அறிவிக்கையை எழுதுகிற பெருமக்களுக்குத் திண்டுக்கல் நாகல் நகர் சார்பில் ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் பந்தல் போடலாம், ரவுண்டானா வரைக்கும் ஃபிளெக்ஸ் கட்டலாம், ஆளுயர மாலைக்குப் பூவுக்கும் பஞ்சமில்லை. ஒரே சிக்கல், ஃபிளெக்ஸில் அவர்களுடைய பதவியை என்னவென்று அச்சடிப்பது? அடைப்புக்குறிக்குள் அவர்கள் தமக்கென்று எந்த எழுத்தை ஒளித்து வைத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏஎஃப்கேட் என்ற தேர்வு 2011 முதல் நடக்கிறது; ஆண்டுக்கு இரண்டு தடவை. பட்டம் முடித்த பிள்ளைகள் விமானப்படையில் அதிகாரியாக நுழைய அது ஒரு வாசல். வாசல் என்றால் சாதாரண வாசல் இல்லை. உள்ளே விமானம் ஓட்டுகிறவர், விமானத்தைச் சரிபார்க்கிற என்ஜினீயர், நிர்வாகி, கணக்கர், வாத்தியார், வானிலை பார்க்கிறவர் என்று பல பேர் உண்டு. இதையெல்லாம் இப்படியே எழுதியிருந்தால் என்ன ஆகும்? பத்தாவது படித்த அப்பனுக்குக்கூடப் புரிந்து தொலையும். அந்த ஆபத்தை நம்மவர்கள் முன்கூட்டியே உணர்ந்தார்கள். விமானியை எஃப்(பி) ஆக்கினார்கள். மெக்கானிக்கல் என்ஜினீயரை ஏஇ(எம்) ஆக்கினார்கள். எலக்ட்ரானிக்ஸ் என்ஜினீயருக்கு எந்த எழுத்து கொடுப்பது? 'இ' முன்னாலேயே செலவாகிவிட்டது. அடுத்த எழுத்தை எடுத்து ஏஇ(எல்) என்று முடித்துவிட்டார்கள். பொதுப்பணத்தில் இப்படிச் சிக்கனம் பார்க்கிற துறை வேறு உண்டா? லாஜிஸ்டிக்ஸ் என்ற நீள வார்த்தையை எல்ஜிஎஸ் என்று மூன்றெழுத்தில் அடக்கினார்கள். அது பெருங்காயக் கம்பெனி வேலை என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மேல் தப்பில்லை; நம் சமையலறை அப்படி.

பயிற்சி வகுப்புக்கு வைக்கிற பெயரைப் பாருங்கள், அது தனிக் காவியம். முதலில் ஒரு எண், சாய்கோடு, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதோடு ஒட்டிப் பிறந்தாற்போல் 'எஃப்' அல்லது 'டி' அல்லது 'ஜி', மறுபடி சாய்கோடு, எஸ்எஸ்சி அல்லது பிசி, மறுபடி சாய்கோடு, கடைசியில் 'எம்' அல்லது 'எம் அண்ட் டபிள்யூ'. நடுவில் வந்தால் எம் மெக்கானிக்கல், வாலில் வந்தால் ஆம்பளை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மாங்காய்ப் பூட்டில் எங்கள் ஊர்க் கைகாரர் வைத்த சூட்சுமத்தையும் மிஞ்சியது இது. எங்கள் பூட்டோடு சாவியும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

இவர்கள் திறமைக்கு மகுடம் 'ஜிடி' என்ற இரண்டெழுத்து. பழைய நாளில் விமானிக்கு ஜிடி(பி) என்று பெயர். ஜெனரல் டியூட்டீஸ், அடைப்புக்குறிக்குள் பைலட். அதாவது ஜிடி என்றால் வானத்தில் பறக்கிறவர். இன்று தேர்வு எழுதுகிற பையன்கள் ஜிடி என்றால் கிரவுண்ட் டியூட்டி, அதாவது தரையை விட்டு எழும்பாதவர். மைசூரில் விமானப்படைத் தேர்வு வாரியத்துக்குப் போனால் அங்கே ஜிடி என்பது குரூப் டிஸ்கஷன், வட்டமாக உட்கார்ந்து பேசுவது. திண்டுக்கல்லில் எந்தக் கோச்சிங் சென்டரில் கேட்டாலும் எஸ்எஸ்சி ஜிடி என்றால் மத்திய காவல் படைகளின் கான்ஸ்டபிள் வேலை. எஸ்எஸ்சியும் இதே குடும்பம்தான்: தேர்வு ஆணையத்துக்கும் அதே பெயர், விமானப்படையின் குறுகிய காலப் பணிக்கும் அதே பெயர். ஒரே சொல்லால் பறக்கவும் வைத்து, தரையில் இறக்கி, பேசவும் விட்டு, காவலுக்கும் நிறுத்துவது சிலேடைக்குப் பேர்போன காளமேகத்தின் மொழிக்காரர்களான நமக்கே கூச்சமாக இருக்கிறது.

இந்த எழுத்துகள் படுத்தும் பாட்டுக்கு ஓர் உதாரணம், நாகல் நகரில் ஒரு பிரவுசிங் சென்டர். ஜெராக்ஸ் மிஷின் ஒரு பக்கம், ரேஷன் கார்டுத் திருத்தம் ஒரு பக்கம். தறி வேலை செய்கிற ஒரு அப்பா, மஞ்சப்பையில் மகனுடைய சான்றிதழ்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். ஓடிபி வந்தால் போனில் சொல்வதற்குத் தயாராக இருந்தான். பையன் என்சிசி ஏர் விங்கில் 'சி' சர்ட்டிபிகேட் வாங்கியவன். அப்படிப்பட்டவர்களுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, நேரே மைசூர் மாதிரி வாரியத்துக்குப் போகலாம். அருமையான சலுகை. ஒரே ஒரு கட்டத்தை மட்டும் சரியாகக் கிளிக் செய்ய வேண்டும்.

"அண்ணே, பிசி போடவா, எஸ்எஸ்சி போடவா?" என்றார் கடைக்காரத் தம்பி.

"நாங்க பிசிதான் தம்பி. இந்தா, சர்ட்டிபிகேட்டு கையிலயே இருக்கு."

தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழ். தம்பி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு பிசியைத் தட்டினார். போனில் இருந்த பையனுக்கு விவரம் தெரியும். ஆனால் அவன் அப்போது ஓடிபிக்காகக் காத்திருந்தான். படையில் சாதி ஒதுக்கீடு கிடையாது. இந்தப் பிசி பர்மனன்ட் கமிஷன், ஓய்வு பெறும் வயது வரைக்கும் வேலை. எஸ்எஸ்சி என்றால் விமானிக்குப் 14 ஆண்டு, முடிந்ததும் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு. பையன் தேறினால் 14 ஆண்டு வேலையை ஆயுள் வேலையாக்கிய பெருமை தாலுகா ஆபீசைச் சேரும். சாதிச் சான்றிதழால் இப்படியும் ஒரு நன்மை செய்து காட்டிய அறிவிக்கைக்காரர்களைச் சமூகநீதிக் காவலர்கள் பட்டியலில் சேர்க்காதது நம் குறை.

மொழி விஷயத்தில் அவர்களுடைய நடுநிலை இன்னும் உயர்ந்தது. ஏஎஃப்கேட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். தமிழா, ஹிந்தியா என்ற சண்டைக்கே இடமில்லை, இருவரையும் சமமாகத் தவிக்க விட்டிருக்கிறார்கள். அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படித்தவனுக்கும், அப்பா சூலூர் விமானத்தளத்தில் வேலை பார்க்கிற வீட்டுப் பெண்ணுக்கும் இந்த எழுத்துகள் சாப்பாட்டு மேசையிலேயே பழக்கமாகிவிடும். மற்றவர்களுக்காகத்தான் இந்த எழுத்துகளைப் புரிந்துகொள்கிற முதல் தேர்வு, நுழைவுச்சீட்டு இல்லாமல், கட்டணம் இல்லாமல், மதிப்பெண்ணும் இல்லாமல் நடக்கிறது. இதில் தோற்றவர் தோற்றது தெரியாமலே போய்விடுவார். மனம் புண்படாமல் ஆளைக் கழிப்பது எவ்வளவு பெரிய நாகரிகம்!

அவர்களுக்குத் தெளிவாக எழுத வராது என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிப் போகும். உடம்பைப் பற்றி எழுதும்போது பாருங்கள். விமானிக்கு உயரம் குறைந்தது 162.5 செ.மீ. கால் நீளம் 99-லிருந்து 120. தொடை நீளம் 64-ஐத் தாண்டக் கூடாது. உட்கார்ந்தால் உயரம் 81.5-லிருந்து 96. தையல்காரர்கூட இத்தனை சுத்தமாக அளவு எழுத மாட்டார். தொடை எத்தனை சென்டிமீட்டர் என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிறது. அந்தத் தொடையோடு போய் என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதற்கு மட்டும் அடைப்புக்குறி. காக்பிட்டில் அடங்க வேண்டும் என்பதால் அளவு கேட்கிறார்கள், நியாயம். விண்ணப்பம் வாங்குகிறவர் மண்டையிலும் ஏதோ அடங்க வேண்டுமே என்று அவர்களுக்குத் தோன்றாதது அவர்கள் பெருந்தன்மை. நம் மண்டையின் கொள்ளளவை அவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள்.

பைலட் திறன் சோதனை ஒன்று உண்டு, கணினியில் நடக்கும், சிபிஎஸ்எஸ் என்று பெயர். வாழ்நாளில் ஒரே தடவை. அதில் தவறினால் பிறகு எந்த வழியாக வந்தாலும் பறக்கும் பிரிவு கிடையாது. இதை மட்டும் எல்லாக் கோச்சிங் சென்டரும் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன, ஆகவே இங்கே பாராட்ட அதிகம் இல்லை. நகர்வோம்.

2022 அக்டோபர் 8-ஆம் தேதி, விமானப்படை நாளன்று, தளபதி வி.ஆர்.சௌத்ரி ஒரு புதிய பிரிவை அறிவித்தார்: வெப்பன் சிஸ்டம்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு செயல்பாட்டுப் பணிக்கென்று புதிதாக ஒரு பிரிவு உருவாவது இதுவே முதல் தடவை. பயிற்சிச் செலவில் 3,400 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்றும் சொன்னார்கள். ஏவுகணை இயக்குகிறவர்கள், ஆளில்லா விமானம் இயக்குகிறவர்கள், இரட்டை இருக்கை விமானத்தில் பின்னால் உட்கார்ந்து ஆயுதத்தைக் கையாளுகிறவர்கள், எல்லாரும் இதில் வருவார்கள். தஞ்சாவூரில் நிற்கிற சுகோய்-30 மாதிரி விமானத்தில் ஏறிப் பறக்கக்கூடிய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவை ஏஎஃப்கேட் அறிவிக்கையில் எங்கே வைத்தார்கள்? கிரவுண்ட் டியூட்டி, அதிலும் 'தொழில்நுட்பம் சாராதது' என்ற தலைப்பின் கீழ், கணக்குப் பிரிவுக்கும் கல்விப் பிரிவுக்கும் பக்கத்தில். ஏவுகணையில் என்ன தொழில்நுட்பம் இருக்கிறது, சொல்லுங்கள்? தீபாவளிக்கு ராக்கெட் விட்டவர்கள்தானே நாம் எல்லாரும்.

அமெரிக்காவைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அவர்களுடைய மரைன் படையில் விமானி ஆகப் பயிற்சி எடுக்கிற இளம் அதிகாரிக்கு 7599 என்று வெறும் நான்கு இலக்கம். தேறியதும், ஓட்டப்போகிற விமானத்தைப் பொறுத்து 75-ல் தொடங்குகிற வேறு ஒரு எண். அவ்வளவுதான். அடைப்புக்குறி இல்லை, சாய்கோடு இல்லை. எந்த எண்ணுக்கு என்ன வேலை என்று புத்தகம் வேறு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். வல்லரசு என்கிறார்கள், ஒரு மர்மம் காக்கத் தெரியவில்லை.

இத்தனையும் தாண்டித் தேர்வானால் ஹைதராபாத் பக்கம் துண்டிகல்லில் உள்ள அகாடமிக்குப் போக வேண்டும். "நம்ம ஊர்லயேவா ட்ரெய்னிங்கு?" என்று காது மந்தமான அத்தைகள் கேட்பார்கள், சிரித்துவிட்டுப் போகலாம். பயிற்சி முடிந்து தோளில் பட்டை ஏறும் நாளில்தான் அறிவிக்கைக்காரர்களின் கருணை முழுதாகத் தெரியும். அத்தனை பிரிவுகளையும் அத்தனை அடைப்புக்குறிகளையும் ஒரே வீச்சில் மறந்துவிட்டு, விமானி முதல் கணக்கர் வரை எல்லாருக்கும் ஒரே பதவிப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள்: ஃபிளையிங் ஆபீசர். சம்பளப் பட்டியல் சரிபார்க்கிறவரும் ஃபிளையிங் ஆபீசர். பாடம் நடத்துகிறவரும் ஃபிளையிங் ஆபீசர். அடுத்தது ஃபிளைட் லெப்டினன்ட், அப்புறம் ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர். கோப்புகளை மட்டுமே வழிநடத்தியவருக்கும் இதே படிகள். போர் விமானி அபிநந்தனுக்கு 2019-ல் வீர் சக்ரா அறிவித்தபோது அரசு அவர் பெயருக்குப் பின்னால் ஃபிளையிங், அடைப்புக்குறிக்குள் பைலட் என்று எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். இல்லாவிட்டால் விங் கமாண்டர் என்று மட்டும் பார்த்து அவரும் எல்ஜிஎஸ் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

கணக்குப் பிரிவுப் பையனுக்கு நாகல் நகரில் பெண் பார்க்கும்போது இது ரொம்ப உதவும். பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் பெயருக்குக் கீழே 'ஃபிளையிங் ஆபீசர், இந்திய விமானப்படை' என்று கொட்டை எழுத்தில் கோர்ப்பார்கள். அடைப்புக்குறிக்குள் ஏதாவது போட வேண்டுமா என்று அச்சகக்காரர் கேட்டால், எம்.காம். என்று சொன்னால் போதும்.