சிறைக்குப் போக ஆள் தேவை: புத்ராஜெயாவுக்கு ஒரு கிராணியின் கடிதம்

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை,
புத்ராஜெயா.

ஐயா,

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிராணி எழுதிக்கொள்வது. தோட்டத்தின் பெயர் வேண்டாம்; துரை கோபித்துக்கொள்வார். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த உங்கள் திருத்தச் சட்டத்தால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றீர்கள். துரை சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்றது நான். சம்பளம் மட்டும் பழையதுதான்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதத்தை 500,000 வெள்ளியாக ஏற்றினீர்கள். சிறைத்தண்டனையை மட்டும் 1994-இன் மூலச் சட்டத்தில் வைத்த அதே இரண்டு ஆண்டிலேயே நிறுத்திவிட்டீர்கள். முப்பது வருடத்தில் விலை ஏறாத சரக்கு இந்த நாட்டில் அது ஒன்றுதான். அபராதத்தைப் பற்றி துரைக்குக் கவலையில்லை, கம்பெனி செக் எழுதும். ஆனால் கம்பெனிக்குச் சிறைக்கு நடந்துபோகக் கால் கிடையாதே, அங்கே யார் போவது என்பதுதான் இப்போது எங்கள் ஆபீஸில் பேச்சு.

திருத்தத்தில் 52ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறீர்கள். கம்பெனி குற்றம் செய்தால் டைரக்டர், மானேஜர், செயலாளர் என்று ஒவ்வொருவர் மேலும் வழக்கு வரலாம். குற்றம் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். இதை வாசித்த நாளிலிருந்து எங்கள் துரைக்கு எதுவுமே தெரிவதில்லை. கொழுந்து உருட்டும் மெஷினில் பாதுகாப்பு மூடி கழன்று கிடக்கிறது என்று சொல்லப்போனேன். கையெடுத்துத் தடுத்தார். "கிராணி, என்னிடம் சொல்லாதே. ரிப்போர்ட் எழுதி உன் மேசையிலேயே வை." வைத்திருக்கிறேன். சரிவில் பெய்த மழை போல, பொறுப்பு டைரக்டரிடமிருந்து துரைக்கு, துரையிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து கங்காணிக்கு, கடைசியில் மருந்து டாங்கியைத் தோளில் மாட்டியிருக்கும் பங்களாதேஷ் பையனுக்கு என்று இறங்கிக்கொண்டே வருகிறது. அவனையும் சட்டம் விடவில்லை. தொழிலாளி தன் கடமையில் தவறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. முதலாளிக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என்று பந்தி வஞ்சனை இல்லாமல் பரிமாறியிருக்கிறீர்கள்.

அந்தப் பையனுக்கு 26ஏ பிரிவில் ஒரு பரிசும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதைச் சரிசெய்யாதபோது அவன் வேலையிடத்தை விட்டு விலகிவிடலாம். அருமையான உரிமை. எங்கே விலகுவது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. அவனுடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் அச்சாகியிருக்கிறது. தோட்டத்து வாசலைத் தாண்டினால் குடிநுழைவுத் துறை பிடித்துக்கொள்ளும். அதனால் அவன் ஆபத்தின் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறான்.

இதே மலையில் 2024 ஜனவரி 26 அன்று, விடிவதற்கு முன் இரண்டரை மணிவாக்கில், புளூ வேலியில் மண் சரிந்தது. மியன்மார்க்காரர்கள் ஐந்து பேர் குடியிருந்த இடத்திலேயே புதைந்து இறந்தார்கள். உங்கள் திருத்தம் நடப்புக்கு வர அப்போது இன்னும் நான்கு மாதம் இருந்தது. செய்தியைப் பார்த்த துரை கேட்டது ஒரே கேள்வி: "வேலை நேரம் இல்லையே?" தொழிலாளர் தங்குமிடத்துக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது என்று விளக்கினேன். வேலை செய்யும் உடம்பு உங்களுக்கு, தூங்கும் உடம்பு அவர்களுக்கு. இந்த இலாகாப் பிரிவினை மலைக்குத்தான் தெரியவில்லை.

துரைக்குப் பழைய வழக்குகள் படிக்கும் பழக்கம் உண்டு. போபாலில் 1984-இல் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 2010 ஜூன் 7 அன்று நீதிமன்றம் ஏழு பேருக்கு இரண்டு ஆண்டு கொடுத்தது, அன்றைக்கே ஜாமீன். சுங்கை பூலோவில் 1991 மே 7 அன்று பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் செத்தார்கள். உங்கள் மூலச் சட்டம் மூன்று வருடம் கழித்து வந்தது. இதையெல்லாம் வாசித்தபின் துரைக்கு ரத்த அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது.

இன்னொரு ஆறுதலும் அவருக்கு உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, சந்தா கட்டிய தொழிலாளி வேலை விபத்துக்காக முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளையும் சொக்சோவில் சேர்த்தாகிவிட்டது. கை போனவனுக்கு சொக்சோ காசு கொடுக்கும், நல்ல காரியம். ஆனால் கையைத் தின்ற மெஷினின் முதலாளியைக் கூண்டில் நிறுத்த, கை போனவனால் ஆகாது. அதற்கு உங்கள் அதிகாரி வேண்டும், அவருக்கு வழக்குத் தொடுக்க அரசு வழக்குரைஞரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவ்வளவு பேரும் புத்ராஜெயாவில் இருக்கிறீர்கள். ரிங்லெட் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் கடிதம் போட்டுவிட்டு வாருங்கள். கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் உறை பிரிக்காமல் ஸ்டோரில் இருக்கின்றன, சாவி துரையிடம். சொல்லாமல் வந்து நின்றால், நாங்கள் தினமும் வேலை செய்கிற மாதிரியே எங்களைப் பார்த்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
பணிவுள்ள கிராணி
(கூடுதல் பொறுப்பு: பாதுகாப்பு, தேவைப்பட்டால் சிறை)