முகத்தில் ஒரு முல்தான்

ஞாயிறு மதியம், பாகிஸ்தான் நகரொன்றின் பெயரைச் சுமக்கும் முல்தானி மெட்டியைப் பன்னீரில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். பாக்கெட்டில் ‘உடனடிப் பொலிவு’ என்று போட்டிருந்தது. முன்பெல்லாம் ‘சிவப்பழகு’ என்பார்கள். 2020-இல் ஒரு பெரிய கிரீமே பெயரை மாற்றிக்கொண்ட பிறகு எல்லோருக்கும் பொலிவு வந்துவிட்டது. ஆசை என்னவோ அதேதான்.

முல்தானி மெட்டி வகை மண்ணின் பூர்வீகத் தொழில், கம்பளியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. இதன் உறவுக்கார மண்தான் இன்றும் ஆலைகளில் சமையல் எண்ணெயின் நிறத்தை வெளுக்கிறது. கடலை எண்ணெய்க்குப் பலித்தது எனக்குப் பலிக்காதா?

பத்து நிமிடத்தில் முகம் கோடையில் வற்றிய கண்மாய் மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. சிரிக்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்து சிலிண்டர்க்காரர் மணியடித்தார். கதவைத் திறந்தேன். ஓரடி பின்வாங்கி, “வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?” என்றார்.

கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அதே மாநிறம். வாஷ்பேசின்தான் அடைத்துக்கொண்டது. மறுநாள் அதைச் சரிசெய்து முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்ட பிளம்பர் முகத்தில் நல்ல பொலிவு.