சாரலில் ஊறும் நாவல்

ஜூன் பிறந்து சாரல் விழுந்ததும் எனக்குக் குற்றாலம் நினைவுக்கு வந்துவிடும். "அங்கே போய் உட்கார்ந்தால் நாவலை முடித்துவிடுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். காலையில் எண்ணெய் தேய்த்து மெயினருவி. பசிக்கு பார்டர் பரோட்டா. மதியம் தூக்கம், அருவியில் குளித்தவன் தூங்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மாலை ஐந்தருவி. லாட்ஜில் நோட்டு ஈரம் குடித்துப் பருத்துக்கொண்டிருக்கும். நாவலில் கனம் கூடியது அந்த வகையில்தான்.

பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயருக்கும் இதே அருவி, இதே சாரல். அவர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடி முடித்தார், அரங்கேற்றினார். அதற்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். அரங்கேற்றம் பொல்லாதது: நாள் குறித்துவிட்டால் சபை முன் நின்றாக வேண்டும். 'இன்னும் ஒருமுறை திருத்தணும்' என்றால் புலவர்கள் விடுவார்களா?

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. எழுதிய கடிதங்களே புத்தகமாகிவிட்டன. கடிதத்துக்குத் தபால் நேரம் உண்டு. நாவலுக்கு அடுத்த சீசன் உண்டு.

எனக்கு இது பதினோராவது சீசன். முதல் அத்தியாயத்தில் இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது.