சூடு, வேகம், திசை

சென்னையில் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு ஹெல்த் ஃபாசெட்டைக் கையில் எடுக்கத் தைரியம் வேண்டும். மொட்டை மாடியில் கருப்பு டேங்க், காலையிலிருந்து வெயில். அதிலிருந்து வரும் தண்ணீரில் டிகாக்‌ஷனே இறக்கலாம். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோலப் புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு நடவடிக்கை.

சூடு சரியாக இருந்தால் வேகம் படுத்தும். அபார்ட்மென்ட்டில் பிரஷர் பம்ப் வைத்ததிலிருந்து, லேசாக அழுத்தினாலே எதிர்ச்சுவர் குளித்துவிடுகிறது. "வேலை முடிஞ்சதும் ஆங்கிள் காக்கை மூடிடுங்க சார், இல்லேன்னா ஹோஸ் புட்டுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார் பிளம்பர். ஒருவர் மூடிவிட்டு வருவார். அடுத்தவர் அழுத்தி, ஒன்றும் வராமல், உட்கார்ந்தபடியே சுவரோரம் துழாவுவார். சொத்துத் தகராறே இல்லாத எங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை முறிந்ததெல்லாம் இதனால்தான்.

விமானம் ஏறிவிட்டால் அந்தக் குழாயும் கிடையாது. காகிதம்தான். நியூஜெர்சி போகும்போது அத்தையின் பெட்டி எடை கூடிவிட்டது. ஆவக்காய் பாட்டில் வெளியே வந்தது, பட்டுப்புடவை வெளியே வந்தது. பிளாஸ்டிக் மக்கை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை.

இத்தாலிக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது பிடே இருந்தாக வேண்டும் என்று 1975லேயே விதி போட்டுவிட்டார்கள். டாய்லெட்டுக்குப் பக்கத்திலேயே குட்டையாக இன்னொரு பீங்கான் தொட்டி, அதற்குத் தனிக் குழாய். ரோமில் அதைப் பார்த்த சித்தப்பா, "கால் கழுவ எவ்வளவு வசதி பண்ணியிருக்கான்!" என்று வேட்டியைத் தூக்கிக் கட்டினார். நாங்கள் சிரித்தோம். இத்தாலிக்காரர்களே அதில் கால் கழுவுவார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஜப்பான் வேறு லோகம். டோட்டோ நிறுவனம் 1980இல் கொண்டுவந்த வாஷ்லெட்டும் அதன் வாரிசுகளும் இருக்கையைச் சூடாக வைத்திருக்கும். குழல் தானே நீண்டு வந்து, வெதுவெதுப்பாகக் கழுவிவிட்டு, மரியாதையாக உள்ளே போய்விடும். வரிசையாகப் பொத்தான்கள் இருந்தும், எது எதற்கென்று புரியாமல் வெளிநாட்டுப் பயணிகள் திணறினார்கள். அதனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரிப் படக்குறிகள் போடுவதென்று 2017இல் முடிவானது. யாருக்காவது என்னிடம் பயண ஆலோசனை வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று: உட்காரும் முன் நிறுத்தும் பொத்தான் எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளில் டாய்லெட் பேப்பருக்கு அடிதடி நடந்தபோது, சிகாகோவில் என் தம்பி வீட்டில் பதற்றமே இல்லை. ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் குழாயில் ஒரு டீ வால்வு போட்டு, இருக்கைக்கு அடியில் சின்ன பிடே மாட்டியிருந்தான். ஒரே குறை, ஜனவரியில் அந்தத் தண்ணீர் பனிக்கட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். விருந்துக்கு வந்த அவனுடைய அமெரிக்க நண்பர் உள்ளே போனார். ஒரு அலறல். தம்பி கதவைத் தட்டினான்.

"ஒன்றுமில்லை" என்றது குரல். "இது என்ன விலை?"