எங்கள் ஊருக்கும் ஒரு எச்சரிக்கைப் பலகை

சுகாதாரத் துறை மேலதிகாரி சமூகத்துக்கு, காவேரிப்பட்டினம் பொதுஜனம் பணிந்து எழுதும் விண்ணப்பம்.

2011-ல் அமெரிக்காவின் அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனை ‘ஸ்ட்ராங் ஃபோர் லைஃப்’ என்றொரு இயக்கம் நடத்தியது. குண்டான பிள்ளைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்து, ‘எச்சரிக்கை’ என்று சிவப்பில் எழுதி, ஊரெங்கும் பலகை வைத்தது. டிவி விளம்பரத்தில் ஒரு பையன் அம்மாவிடம், நான் ஏன் குண்டாக இருக்கிறேன் என்று கேட்பான். அவள் தலை குனிவாள். பிள்ளையோடு தாயையும் சேர்த்து அடித்த சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படியொரு பலகை தென்பெண்ணைப் பாலத்தருகே எங்களுக்கும் வேண்டுமா என்று யோசித்தோம். அரசுப் பணம் வீண். அந்த வேலையைச் சும்மா செய்ய இங்கே ஆள் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்த பையனிடம் “எந்தக் கடை அரிசிடா?” என்று கேட்கப் பெரியப்பா இருக்கிறார். “பூசணிக்கா, உருண்டாவது வாடா” என்று விசிலடிக்க பி.டி. மாஸ்டர். நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு “பெரியவங்க சைஸ் எடுத்துப் போடுப்பா” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கூவத் துணிக்கடைக்காரர். கதாநாயகன் கூட்டத்தில் அடிவாங்கவே ஒரு குண்டுப் பையனை வைத்திருக்கும் சினிமா. கேலிக்கு உடம்பு இளைக்குமென்றால் தமிழ்நாட்டில் குண்டுப் பிள்ளை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இளைக்காது என்பது மட்டுமல்ல. 2019-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கேலிக்கு ஆளான பிள்ளைகளுக்குத்தான் எடை கூடுதலாக ஏறியிருந்தது.

இனி எங்கள் ஊர்ச் சரக்கு. பெங்களூரா மாங்காய் இங்கே பழுக்கிறது, கூழ் ஆலைக்குப் போகிறது, குளிர்பானக் கம்பெனிக்கு லாரி ஏறுகிறது. பழம் 10 சதவீதம் இருந்தால் சட்டப்படி அது பழ பானம். மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீரும் சர்க்கரையும். பிறகு ஒரு நடிகரின் சிரிப்போடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் வந்து தொங்குகிறது. காய்க்குக் கட்டுப்படியான விலை கேட்டு விவசாயி தெருவில் நிற்கிறார். அவர் பிள்ளைக்குச் சர்க்கரை மட்டும் தட்டுப்பாடில்லை. மாம்பழ பானங்களில் பேர்பெற்ற மாஸா 1993-லிருந்து கோகோ கோலாவின் கையில். கோகோ கோலாவின் தலைமையகம் எங்கே? அட்லாண்டாவில், ஐயா. பிள்ளைகளைப் பலகையில் ஏற்றிய அதே அட்லாண்டாவில்.

சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தீனியைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. அளக்க டேப்தான் வந்து சேரவில்லை. சிலி நாட்டில் 2016-லிருந்து அப்படிப்பட்ட தீனிப் பாக்கெட்டின் நெற்றியில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022-ல் தரத்துக்கேற்ப நட்சத்திரம் ஒட்டலாம் என்று வரைவு போட்டது. சர்க்கரைத் தண்ணீருக்கும் அரை நட்சத்திரமாவது உண்டு, வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை போலும். 2025 செப்டம்பரில் பழ பானத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று. பாட்டிலுக்குச் சீர்வரிசை, எட்டு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்கு எச்சரிக்கை. இதற்குப் பெயர் பொது சுகாதாரமென்றால், வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளையா?

ஆகவே சமூகம், பலகை வைத்தே தீருவீர்களென்றால் எங்கள் பிள்ளைகளின் முகத்தைத் தர மாட்டோம். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, அந்த நடிகரைக் கூப்பிடுங்கள். கோடிக்கணக்கில் வாங்கியிருப்பார், இதற்கும் ஒரு நாள் கால்ஷீட் தரட்டும்.